தோற்ற கிளர்ச்சிகளில் பிறந்த கொள்கைகள்

பக்தாதில் கி.பி. 963-ஆம் ஆண்டு முஹர்ரம் பத்தாம் நாள் கடைகள் அடைத்துக் கிடந்தன. நகரத்தைத் தன் பிடியில் வைத்திருந்த, ஷியா சார்பான புவைஹி அமீர் முஇஸ்ஸுத் தவ்லா, கர்பலாவில் கொல்லப்பட்ட நபிகளின் பேரன் ஹுசைனுக்காக மக்கள் தெருவில் இறங்கித் துக்கம் காக்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். அந்த ஹிஜ்ரி ஆண்டு முடிவதற்குள், நபிகள் தம் மருமகன் அலீயை வாரிசாக அறிவித்ததாக ஷியாக்கள் கொள்ளும் கதீர் கும் நாளும் விழாவாகக் கொண்டாடப்பட்டது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் நகரின் சன்னிப் பேட்டைகள் பதில் விழாக்களைக் கண்டுபிடித்தன. கதீருக்கு எட்டு நாள் கழித்து, நபிகள் நாயகமும் அபூபக்கரும் குகையில் மறைந்திருந்ததை நினைவுகூரும் திருநாள். ஆஷூராவுக்கு எட்டு நாள் கழித்து, முஸ்அப் இப்னு ஸுபைருக்குத் துக்கம்.

முஸ்அப் 691-இல் போரில் மாண்ட ஓர் ஆளுநர். ஹுசைனின் கொலைக்குப் பழிவாங்கிய முக்தாரைக் கூஃபாவில் ஒழித்தவர். பக்தாத் சன்னிகளின் கண்ணில் அதுதான் அவருடைய தகுதி. அவரைக் கொன்றவர்கள் ஷியாக்கள்கூட அல்லர், டமாஸ்கஸிலிருந்து வந்த உமய்யாப் படையினர். முந்நூறு ஆண்டுகளாகத் தெருவில் அழ யாரும் இல்லாமலிருந்த அந்த மனிதர், அடுத்த பேட்டையில் ஒரு தியாகி இருக்கிறார் என்பதற்காகவே இந்தப் பேட்டையின் தியாகியாக்கப்பட்டார்.

இரு தனிச் சமூகங்கள், இரு நாட்காட்டிகள், இரு துக்கங்கள். பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இது கண்கூடு. ஆனால் நபிகள் மறைந்த 632-ஆம் ஆண்டிலேயே முஸ்லிம்கள் இப்படி இரண்டாகப் பிளந்துவிட்டார்கள் என்றும், அன்று தொடங்கிய சண்டைதான் இன்றுவரை நடக்கிறது என்றும் நாளேடுகள் எழுதிப் பழகிவிட்டன. இந்தக் கதையில் நிகழ்ச்சிகளின் வரிசை பிசகியிருக்கிறது. இரண்டு கொள்கைகள் முன்னமே இருந்து அவற்றுக்காகப் போர்கள் நடக்கவில்லை. போர்களும் கிளர்ச்சிகளும் முன்னால் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை தோற்றன. தோல்விக்குப் பின், உரிய தலைவர் யார், அவர் கையில் ஆட்சி இல்லாதபோது நம்பிக்கையாளர் என்ன செய்வது என்று யோசித்தவர்கள் இருநூறு முந்நூறு ஆண்டுகளில் வகுத்தவையே சன்னி, ஷியா என்று நாம் இன்று அழைக்கும் இரு கோட்பாடுகள்.

கூடத்தில் தோற்றவர்கள்

632 ஜூனில் நபிகள் மறைந்த அன்றே மதீனாவின் அன்சாரிகள், அதாவது மக்காவிலிருந்து வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த உள்ளூர்க்காரர்கள், பனூ ஸாயிதா குலத்தின் கூடத்தில் கூடினார்கள். ஸகீஃபா என்று வரலாற்றில் நிலைத்த இடம் அது. தங்களில் ஒருவரான ஸஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்குவது அவர்கள் எண்ணம். செய்தி கேட்டு அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் விரைந்தார்கள். உங்களில் ஓர் அமீர், எங்களில் ஓர் அமீர் என்று அன்சாரிகள் இறங்கிவந்தார்கள். நபிகளின் குலமான குறைஷிகளைத் தவிர வேறு யாருக்கும் அரபுகள் கட்டுப்பட மாட்டார்கள் என்று அபூபக்கர் வாதிட்டார். பேச்சு முற்றியபோது உமர் அபூபக்கரின் கையைப் பற்றி, கட்டுப்படுவதாக உறுதிகூறும் பைஅத் செய்தார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அலீ அந்தக் கூடத்தில் இல்லை. நபிகளின் உடலைக் குளிப்பாட்டி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த குடும்பத்தாரோடு இருந்தார்.

அன்று கூடத்தில் மோதியவை மதீனாவும் மக்காவும். தோற்றவர்கள் அன்சாரிகள். அவர்கள் பெயரில் எந்தப் பிரிவும் பின்னர் உருவாகவில்லை; நேரடியாகத் தோற்றவர்களின் வழக்கு மறைந்துபோய், கூடத்துக்கே வராதவரின் வழக்கு ஆயிரத்து நானூறு ஆண்டு நிலைத்தது. அன்சாரிகள் தோற்றதன் தடம் வேறிடத்தில் பதிந்தது: கலீஃபா குறைஷி குலத்தவராக இருக்கவேண்டும் என்பது சன்னிச் சட்ட நூல்களில் நெடுங்காலம் நீங்காத நிபந்தனை ஆயிற்று.

அலீ தரப்பின் வழக்குக்கு அடிப்படை, அதற்குச் சில மாதங்கள் முன்பு நபிகள் தம் கடைசி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் கதீர் கும் என்ற நீர்நிலையருகே கூறிய சொற்கள். தாம் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலீயும் மவ்லா என்று அவர் அறிவித்ததை இரு தரப்பாரும் ஏற்கிறார்கள். அஹ்மத் இப்னு ஹன்பலின் முஸ்னதிலேயே அந்த ஹதீஸ் உண்டு. மவ்லா என்றால் தலைவர் என்றும் பொருள், நண்பர் என்றும் பொருள்; தகராறு அந்தப் பொருளில்தான். ஷியாக்கள் அதை அதிகாரப்பூர்வ வாரிசு நியமனமாகக் கொள்கிறார்கள். சன்னிகள், அலீயைக் குறைகூறிய சிலருக்கு மறுமொழியாக, அவரிடம் அன்பு காட்டும்படி சொன்னது என்கிறார்கள்.

ஸகீஃபாவில் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சன்னி மரபும் சொல்லவில்லை. அபூபக்கரின் தேர்வு அவசரத்தில் நடந்தது, அதன் தீங்கிலிருந்து இறைவன் காத்தான், இனி யாரும் கலந்தாலோசிக்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்று உமர் பிற்காலத்தில் மேடையில் நின்றே எச்சரித்ததாகப் புகாரி பதிவு செய்திருக்கிறார். நபிகளின் மகளும் தம் மனைவியுமான பாத்திமாவின் மறைவுவரை, ஏறக்குறைய ஆறு மாதம், அலீ பைஅத் செய்யவில்லை என்பதும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. பிற்காலப் பரப்புரையாளர்களைவிடப் பழைய ஹதீஸ் தொகுப்பாளர்கள் நேர்மையானவர்கள்.

அபூபக்கரின் ஈராண்டு ஆட்சி, ஜகாத் தர மறுத்த குலங்களோடும், யமாமாவில் தன்னையும் நபி என்று அறிவித்த முஸைலிமா போன்றவர்களோடும் நடந்த ரித்தா போர்களில் கழிந்தது. உமரின் பத்தாண்டில் சிரியா, இராக், எகிப்து வீழ்ந்தன. படைவீரர்களுக்கு உதவித்தொகை வழங்கப் பதிவேடு ஒன்றை உமர் ஏற்படுத்தினார். இஸ்லாத்தை யார் முன்பே ஏற்றார்களோ அவர்களுக்குக் கூடுதல் தொகை. தகுதி என்பது குலமா, முந்திவந்த தொண்டா என்ற கேள்வி அப்போதே ரூபாய் அணாக் கணக்காகிவிட்டது. கூஃபா, பஸ்ரா, எகிப்தின் ஃபுஸ்தாத் ஆகிய படைநகரங்களில் அந்தத் தொகையை நம்பி வாழ்ந்தவர்கள்தாம் அடுத்த தலைமுறையின் கிளர்ச்சிக்காரர்கள்.

கொல்லப்பட்ட கலீஃபா

644-இல் குத்துண்டு இறக்கும் தறுவாயில் உமர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் கொண்ட ஷூரா என்ற ஆலோசனைக் குழுவை அமைத்தார். இறுதியில் உஸ்மானும் அலீயும் மிஞ்சினார்கள். இறைமறை, நபிவழி, முந்தைய இரு கலீஃபாக்களின் வழக்கம் மூன்றையும் பின்பற்றுவீர்களா என்று குழுவில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் கேட்டபோது உஸ்மான் தயங்காமல் ஆம் என்றார். அலீ, முடிந்தவரை என்று வரம்பு கட்டினார். பதவி உஸ்மானுக்குப் போயிற்று.

உஸ்மான் தம் உமய்யா உறவினர்களை ஆளுநர்களாக்கியது எல்லா மூலநூல்களிலும் வரும் குறை. சிரியாவில் முஆவியா முன்பே இருந்தார். கூஃபாவில் வலீத் இப்னு உக்பா, பஸ்ராவில் அப்துல்லாஹ் இப்னு ஆமிர், எகிப்தில் பால்குடி சகோதரர் அப்துல்லாஹ் இப்னு ஸஅத் என்று வரிசையாக வந்தார்கள். வென்ற நிலங்களின் வருவாய் யாருக்கு என்ற சச்சரவும் சேர்ந்தது. 656-இல் எகிப்து, கூஃபா, பஸ்ராவிலிருந்து வந்த கூட்டத்தார் மதீனாவில் அவர் வீட்டை முற்றுகையிட்டுப் பதவி விலகச் சொன்னார்கள். இறைவன் அணிவித்த சட்டையைத் தாம் கழற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டதாக மரபு சொல்கிறது. ஜூன் 17 அன்று, குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபோது அவர் கொல்லப்பட்டார் என்பது பெருவழக்கு.

இந்த ஆய்வின் மையக் கேள்வி இங்கேதான் பிறந்தது என்பது என் துணிபு. தவறு செய்யும் தலைவரை இறக்கலாமா? இறக்க மறுத்தால் கொல்லலாமா? அதைத் தீர்மானிப்பது யார்? யார் தலைவர் என்ற ஸகீஃபாவின் கேள்வி ஒரு பிற்பகலில் அடங்கியது. இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகள் இரத்தம் சிந்தியும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை.

உஸ்மானைக் கொன்றவர்களின் ஆதரவோடு வந்தவர் என்ற பழியோடுதான் அலீ கலீஃபாவானார். 656 டிசம்பரில் பஸ்ராவுக்கு அருகே ஆயிஷாவும் தல்ஹாவும் ஸுபைரும் அவரை எதிர்த்தார்கள். நபிகளின் துணைவியார், மருமகன், மூத்த தோழர்கள் என எல்லோரும் எதிரெதிரே நின்ற அந்த ஒட்டகப் போரை விளக்குவதற்குப் பிற்கால அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உஸ்மானின் உறவினர் என்ற முறையில் பழிவாங்கும் உரிமை கோரிய முஆவியாவோடு 657-இல் யூப்ரடீஸ் கரையில் ஸிஃப்பீனில் போர் மூண்டது. சிரியப் படை ஈட்டி முனைகளில் குர்ஆன் பிரதிகளை உயர்த்தியது. மறைநூலே தீர்ப்பளிக்கட்டும் என்று அதற்குப் பொருள். அலீயின் படையிலேயே பலர் போரை நிறுத்தச் சொன்னார்கள். முஆவியா சார்பில் அம்ர் இப்னுல் ஆஸும் அலீ சார்பில் அபூ மூஸா அல்அஷ்அரியும் நடுவர்களானார்கள்.

அப்போது புழக்கத்திலிருந்த கட்சிப் பெயர்களைக் கவனிக்கலாம். அலீயின் ஷியாக்கள் என்பதுபோலவே உஸ்மானின் ஷியாக்கள் என்றும் சொன்னார்கள். கட்சி, ஆதரவாளர் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அன்று பொருள் இல்லை.

மூன்றாவது விடை

சன்னி–ஷியா என்று இரண்டாகவே பார்த்துப் பழகியவர்கள் தவறவிடுவது கவாரிஜ்களை. நடுவர் ஏற்பாட்டை எதிர்த்து அலீயின் அணியிலிருந்து வெளியேறியவர்கள் இவர்கள். தீர்ப்பு இறைவனுக்கே உரியது, அதை மனிதர்கள் கையில் விட்டது பாவம் என்பது அவர்கள் முழக்கம். சொல் சரிதான், அதைக்கொண்டு நாடுவது தவறு என்று அலீ பதில் சொன்னதாகப் பதிவு உண்டு. 658-இல் நஹ்ரவானில் அலீயின் படை அவர்களை நொறுக்கியது. 661 ஜனவரியில் கூஃபா பள்ளிவாசலில் அவர்களில் ஒருவரான இப்னு முல்ஜமின் வாள்வெட்டுக்கு அலீ பலியானார்.

மிக வன்மையான கிளர்ச்சிக்காரர்கள் என்று மட்டும் இவர்களைக் கடந்துபோவது சரியல்ல. அந்தக் காலத்தின் மிகத் தெளிவான அரசியல் விடை இவர்களுடையது. தலைவர் குறைஷியாக இருக்கத் தேவையில்லை, நபிகளின் குடும்பத்தவராகவும் இருக்கத் தேவையில்லை. இறையச்சமுள்ள யாரும், அபிசீனிய அடிமைகூட, தலைவராகலாம். அநீதி செய்தால் அவரை இறக்குவது கடமை. நஜ்தா இப்னு ஆமிரின் வழிவந்தவர்களோ, மக்கள் தமக்குள் நீதியாக நடந்துகொண்டால் தலைவரே வேண்டியதில்லை என்ற அளவுக்குப் போனதாகச் சமயப்பிரிவு நூல்கள் குறிக்கின்றன.

அந்தத் தெளிவே வினையாயிற்று. பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமே அல்லன் என்று முடிவுகட்டிய அஸாரிகாக்கள், தங்களோடு சேராத முஸ்லிம்களின் உயிருக்கே உலைவைத்தார்கள். அவர்களுடைய தலைவர் கதரீ இப்னுல் ஃபுஜாஆ நம்பிக்கையாளர்களின் தலைவர் என்ற பட்டத்தோடு பாரசீக நிலத்தில் வெள்ளிக்காசு அடித்தார். அந்தக் காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டு முடிவதற்குள் உமய்யாப் படைகள் அவர்களை அழித்துவிட்டன. மிதவாதிகளான இபாதிகள் பஸ்ராவிலிருந்து ஓமனுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் பரவிப் பிழைத்தார்கள். 740-இல் மக்ரிபின் பெர்பர்கள் அரபு ஆளுநர்களை எதிர்த்து எழுந்ததும் கவாரிஜ் கொடியின் கீழ்தான். எல்லா முஸ்லிம்களும் சமம் என்ற சொல்லைக் கேட்டு மதம் மாறியவர்கள், வரி விதிக்கும்போது சமமில்லை என்று கண்டால் வேறென்ன செய்வார்கள்?

கர்பலாவும் அதற்குப் பின்னும்

அலீயின் மூத்த மகன் ஹசன் 661-இல் முஆவியாவோடு உடன்பாடு செய்துகொண்டு ஒதுங்கினார். சன்னி மரபு அதை ஒற்றுமையின் ஆண்டு என்று போற்றும். ஆனால் முஆவியாவின் ஆட்சியில் பள்ளிவாசல் மேடைகளிலிருந்து அலீயை ஏசுவது வழக்கமாயிற்று. அதை எதிர்த்த கூஃபாவின் ஹுஜ்ர் இப்னு அதீ டமாஸ்கஸுக்கு அருகே கொல்லப்பட்டார். பிறகு முஆவியா தம் மகன் யஸீதைத் தமக்குப் பின் கலீஃபாவாக நியமித்தார். இப்போது எதிர்ப்பு அலீ தரப்பிலிருந்து மட்டும் வரவில்லை. ஹுசைனோடு அப்துல்லாஹ் இப்னு ஸுபைர், முதல் கலீஃபாவின் மகன் அப்துர் ரஹ்மான் ஆகியோரும் மறுத்தார்கள். தந்தைக்குப் பின் மகன் என்பது பைசாந்தியப் பேரரசர்களின் வழக்கம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

680-இல் கூஃபாவாசிகள் ஹுசைனை அழைத்துக் கடிதங்கள் அனுப்பினார்கள். அவர் முன்னே அனுப்பிய முஸ்லிம் இப்னு அகீலை, ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் நகரை மிரட்டி அடக்கிக் கொன்றுவிட்டார். அழைத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10, அதாவது 680 அக்டோபர் 10 அன்று கர்பலாவில் ஹுசைனும், மரபுக் கணக்குப்படி எழுபத்திரண்டு தோழர்களும் உறவினர்களும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கொல்லப்பட்டார்கள். தண்ணீர் மறிக்கப்பட்டிருந்தது. நோயுற்றுக் கூடாரத்தில் படுத்திருந்த மகன் ஸைனுல் ஆபிதீன் பிழைத்தார். சகோதரி ஸைனப் சிறைப்பட்ட பெண்களோடு டமாஸ்கஸுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

படையளவில் சிறிய நிகழ்ச்சி. ஒரே நாளில் முடிந்தது. இதைவிடப் பெரிய கிளர்ச்சிகள் பல இன்று வரலாற்று மாணவருக்கு மட்டுமே தெரியும். கர்பலா நிலைத்ததற்குக் காரணம், கொல்லப்பட்டவர் நபிகளின் மடியில் வளர்ந்த பேரன் என்பது மட்டுமல்ல, கைவிட்டவர்களின் குற்றவுணர்வும்தான். கூஃபாவில் ஸுலைமான் இப்னு ஸுரத் என்ற முதியவர் தலைமையில் வருந்துவோர் என்ற பெயரில் ஒரு கூட்டம் திரண்டது. ஹுசைனின் கல்லறையில் அழுதுவிட்டு, வெல்லும் எண்ணமின்றி, 685-இல் சிரியப் படையை எதிர்கொண்டு பெரும்பாலோர் மடிந்தார்கள். ஷியா சமயத்தின் உணர்ச்சி மொழி, அதாவது கூட்டுத் துக்கம், கண்ணீர், பாவக்கழுவாய் அனைத்தும், எந்தச் சமயநூலுக்கும் முன்னால் இங்கே முளைத்துவிட்டது.

அடுத்து வந்த முக்தார் வேறு வார்ப்பு. அலீயின் இன்னொரு மகன், பாத்திமாவுக்குப் பிறக்காத முஹம்மத் இப்னுல் ஹனஃபிய்யாவின் பெயரால் 685-இல் கூஃபாவைப் பிடித்தார். அவரையே மஹ்தி, நேர்வழி பெற்ற மீட்பர் என்று அறிவித்தார். அவர் மதீனாவிலிருந்துகொண்டு இதற்கு முழுமனதோடு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மவாலிகள் எனப்பட்ட அரபு அல்லாத புதுமுஸ்லிம்களுக்குப் படையில் இடமும் பங்கும் தந்தார் முக்தார். அரபுப் பிரபுக்கள் விலகியது அதனால்தான். அவருடைய தளபதி 686-இல் இப்னு ஸியாதைக் கொன்றார். 687-இல் அப்துல்லாஹ் இப்னு ஸுபைரின் சகோதரர் முஸ்அப் முக்தாரை ஒழித்தார். பின்னாளில் மஹ்தி இறக்கவில்லை, மலையில் மறைந்திருக்கிறார், திரும்பி வருவார் என்று ஒரு குழு நம்பத் தொடங்கியது. தோற்ற கிளர்ச்சி ஒன்று விட்டுச்சென்ற அந்த எண்ணம் பின்னர் ஷியா சிந்தனையின் தூணாயிற்று.

மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் தம்மைக் கலீஃபாவாக அறிவித்து, பேரரசின் பெரும்பகுதியில் ஏற்கப்பட்டிருந்தார். அந்த ஆண்டுகளின் நிலைமையைக் காட்ட ஒரே ஒரு காட்சி போதும். ஹிஜ்ரி 68-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் அரஃபாத் வெளியில் நான்கு கொடிகள் தனித்தனியே நின்றதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார்: இப்னு ஸுபைருடையது, உமய்யாக்களுடையது, நஜ்தாவின் கவாரிஜ்களுடையது, இப்னுல் ஹனஃபிய்யா ஆதரவாளர்களுடையது. நான்கு தரப்பும் ஒரே வழிபாட்டைச் செய்து, சண்டையின்றிக் கலைந்தன. இதில் யார் சன்னி, யார் ஷியா? ஹஜ்ஜில் பிளவு இல்லை, ஆட்சியுரிமையில் இரண்டல்ல, நான்கு பிளவுகள். 692-இல் உமய்யாத் தளபதி ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டு இப்னு ஸுபைரைக் கொன்றபோது உமய்யா ஆட்சியாளர் அப்துல் மலிக் ஒற்றைக் கலீஃபாவானார். அடுத்த சில ஆண்டுகளில் காசு முதல் அலுவலக மொழி வரை அரபாயிற்று.

வென்றவர்கள் மாற்றிய பத்திரம்

740-இல் ஹுசைனின் பேரன் ஸைத் கூஃபாவில் எழுந்தார். அபூபக்கரையும் உமரையும் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். என் குடும்பத்தில் அவர்களைப் பற்றி நல்லதைத் தவிர எதையும் கேட்டதில்லை என்றார். ஒரு பகுதியினர் அவரை விட்டு விலகினார்கள். ஸைத் தோற்று மடிந்தார். முதல் இரு கலீஃபாக்களை ஏற்பதா மறுப்பதா என்பது ஷியாக்களுக்குள்ளேயே அன்று திறந்த கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர் வழிவந்த ஸைதிகள், நபிகளின் வழித்தோன்றல்களில் அறிவும் துணிவும் கொண்டு வாளோடு எழுபவரே இமாம் என்றார்கள். அந்தக் கொள்கையில் யமனில் 897-இல் தொடங்கிய இமாம் ஆட்சி, இடையிடையே அறுந்தும் தொடர்ந்தும், 1962 வரை நீடித்தது.

வெற்றிபெற்ற ஒரே பெருங்கிளர்ச்சி அப்பாசியருடையது. 747-இல் குராசானின் மர்வ் பக்கத்தில் அபூ முஸ்லிம் கறுப்புக் கொடி ஏற்றினார். யாருக்காக என்பதைச் சொல்லாமலே ஆள் திரட்டியதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். முஹம்மதின் குடும்பத்தில் எல்லோரும் ஏற்கும் ஒருவருக்காக என்பதே முழக்கம். கேட்டவர்கள் அலீயின் வழிவந்தவரை நினைத்துக்கொண்டார்கள். 749-இல் கூஃபா மேடையில் ஏறி நின்றவரோ நபிகளின் சிறிய தந்தை அப்பாஸின் வழிவந்த அபுல் அப்பாஸ். 750-இல் ஸாப் ஆற்றங்கரையில் உமய்யா ஆட்சி முடிந்தது. ஐந்தாண்டுக்குள் அபூ முஸ்லிமையே இரண்டாம் அப்பாசியக் கலீஃபா மன்சூர் தீர்த்துக்கட்டினார்.

ஏமாந்தவர்கள் 762-இல் எழுந்தார்கள். ஹசனின் வழித்தோன்றலான முஹம்மத், தூய ஆன்மா என்ற பட்டப்பெயரோடு மதீனாவில் கலீஃபாவாக அறிவித்துக்கொண்டார். அவருக்கும் மன்சூருக்கும் இடையில் நடந்ததாகத் தபரி தரும் கடிதப் போக்குவரத்து, இந்த வரலாற்றிலேயே மிகச் சுவையான ஆவணம். உண்மையில் அது ஒரு பாகப்பிரிவினை வழக்கின் வாதப்பிரதிவாதம். பாத்திமா வழியாக நபிகளின் நேர்வாரிசு நான் என்கிறார் முஹம்மத். பெண்வழி வாரிசுரிமை போகாது, ஆண்மகன் இல்லாதவருக்குச் சிறிய தந்தையே வாரிசு, என் முப்பாட்டனார் அப்பாஸ் அந்தச் சிறிய தந்தை என்கிறார் மன்சூர்.  அப்பாசியர்கள் தொடக்கத்தில் வேறொரு பத்திரம் வைத்திருந்தார்கள்: இப்னுல் ஹனஃபிய்யாவின் மகன் அபூ ஹாஷிம் தம் உரிமையை அவர்கள் குடும்பத்துக்கு எழுதிவைத்தார் என்பது அது. அதாவது உரிமையின் ஊற்று அலீ. மன்சூரின் மகன் மஹ்தி காலத்தில் அந்தப் பத்திரம் கைவிடப்பட்டு, அப்பாஸிலிருந்தே உரிமை தொடங்குகிறது என்று அதிகாரப்பூர்வமாக மாற்றப்பட்டது. பதவிக்கு வரும்வரை ஒரு வாதம், வந்தபின் வேறொன்று. இதற்குக் காலமும் மதமும் கிடையாது.

கட்டாயப்படுத்தி வாங்கிய பைஅத் செல்லாது என்று மதீனாவின் இமாம் மாலிக் தீர்ப்புக் கூறியதாகவும், தூய ஆன்மாவின் சகோதரர் இப்ராஹீம் பஸ்ராவில் எழுந்தபோது அபூ ஹனீஃபா அனுதாபம் காட்டியதாகவும் செய்திகள் உண்டு. சன்னிச் சட்டப் பள்ளிகளின் மூலவர்களாகப் பிற்காலம் போற்றும் இருவர், அலீ வழியினரின் கிளர்ச்சியோடு சேர்த்துப் பேசப்படுகிறார்கள். இரு சகோதரர்களும் போரில் மாண்டார்கள்.

காத்திருப்பதும் பொறுத்துக்கொள்வதும்

இந்தக் கிளர்ச்சிகள் எதிலும் சேராத ஒருவர் மதீனாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஹுசைனின் கொள்ளுப்பேரன் ஜஅஃபர் ஸாதிக். புரட்சியின்போது அப்பாசிய அணியின் அபூ ஸலமா ஆட்சியை ஏற்க அழைத்து எழுதிய கடிதத்தை அவர் விளக்கில் எரித்துவிட்டதாகச் சொல்வார்கள். 765-இல் அவர் மறைவதற்குள் அவருடைய வட்டத்தில் ஒரு புதிய வரையறை உருப்பெற்றுவிட்டது. இமாம் என்பவர் வாளால் வருபவர் அல்லர். முந்தைய இமாமின் வெளிப்படையான நியமனத்தாலும் தனி அறிவாலும் இமாம் ஆகிறார். அவர் ஆட்சியில் இல்லாவிட்டாலும் இமாம்தான். இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்வேன். ஆட்சியையும் உரிமையையும் பிரித்துவிட்டால் எந்தத் தோல்வியும் உரிமையைத் தொடாது. அலீயிடமிருந்து ஆட்சி தட்டிப்போன நாளையும் இந்த வரையறையைக் கொண்டே பின்னோக்கிப் படித்தார்கள்.

அவருக்குப் பின் அவர் மகன் இஸ்மாயீலை ஏற்றவர்கள் ஒரு பக்கமும் இன்னொரு மகன் மூஸாவை ஏற்றவர்கள் மறுபக்கமும் பிரிந்தார்கள். இஸ்மாயிலிகள் 909-இல் வட ஆப்பிரிக்காவில் ஃபாத்திமிய கிலாஃபத்தை நிறுவி, 969-இல் எகிப்தை வென்று கெய்ரோவை எழுப்பினார்கள். மற்றவர்களின் பதினோராம் இமாம் ஹசன் அஸ்கரீ 874-இல் ஸாமர்ராவில் மறைந்தார். அவருடைய மகனான பன்னிரண்டாம் இமாம் மறைந்திருக்கிறார், உலகின் முடிவில் மஹ்தியாக வருவார் என்ற நம்பிக்கை நிலைபெற்றது. அவர் சார்பில் பேசிய நால்வரில் கடைசியானவர் 941-இல் இறந்தபின் நேர்த்தொடர்பும் நின்றது. இமாம் வரும்வரை காத்திரு என்பதே இனி அரசியல்.

சன்னித் தரப்பில் நடந்ததும் இதையொத்ததே. அலீயை நான்காம் கலீஃபாவாக ஏற்பதே அங்கே உடனடியாக நடக்கவில்லை. பஸ்ரா, சிரியா வட்டாரங்களில் உஸ்மான் ஆதரவு மரபினர் மூவரோடு பட்டியலை நிறுத்திக்கொண்டார்கள். நபிகளுக்குப் பின் முப்பது ஆண்டு கிலாஃபத், பிறகு மன்னராட்சி என்ற ஹதீஸைக் கொண்டு நால்வர் வரிசையை நிலைநாட்டியதில் ஒன்பதாம் நூற்றாண்டின் அஹ்மத் இப்னு ஹன்பலுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தக் கணக்கு ஹசன் விலகிய 661-ஓடு முடிகிறது. ஒட்டகப் போரிலும் ஸிஃப்பீனிலும் எதிரெதிரே நின்ற நபித்தோழர்கள் அனைவரையும் மதிப்பது, அவர்களுக்குள் நடந்ததைப் பற்றி வாயடக்குவது என்ற வழிமுறையும் உருவாயிற்று. ஷியாக்களுக்கு இது சமரசமாகப் படும். நானோ இதை இருநூறு ஆண்டு இரத்தத்துக்குப் பிறகு எட்டப்பட்ட போர்நிறுத்தமாகவே படிக்கிறேன்.

ஆட்சியாளரை எதிர்த்து எழுவதைப் பற்றிய விடை இன்னும் இறுக்கமானது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி கலீஃபாக்கள் அறிஞர்களை வற்புறுத்திய விசாரணையில், முஃதஸிம் காலத்தில் சாட்டையடி பட்டவர் அஹ்மத். அடுத்த கலீஃபாவின் காலத்தில் பக்தாத் அறிஞர்கள் சிலர் எதிர்த்தெழும் யோசனையோடு அவரிடம் வந்தபோது, ஃபித்னா என்ற உட்பூசலும் இரத்தமும் வேண்டாம், பொறுங்கள் என்று அனுப்பிவிட்டார். முதுகில் தழும்போடு இருப்பவர் சொல்லும்போது அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பொறுமையைப் பிற்காலச் சட்டவியலார் நீட்டிய தூரம் அதிகம். பதினொன்றாம் நூற்றாண்டில் மாவர்தி, பலத்தால் பிடித்த மாகாண ஆட்சியையும் கலீஃபா அங்கீகரிக்கலாம் என்றார். பதினான்காம் நூற்றாண்டின் இப்னு ஜமாஆவோ, படைபலத்தால் வந்தவரின் தலைமையே செல்லும், அவரை வேறொருவர் வென்றால் அவருடையதும் செல்லும் என்றார். குறைஷி நிபந்தனை, ஷூரா, பைஅத் எல்லாம் ஏட்டில் நிற்க, வாள் வைத்திருப்பவர் வென்றார்.

இவ்வளவும் எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று வாசகர் கேட்கலாம். நம்மிடமுள்ள விரிவான நூல்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளுக்கு நூற்றைம்பது, இருநூறு ஆண்டு கழித்து எழுதப்பட்டவை. கர்பலாவைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, 774-இல் இறந்த கூஃபாவின் அபூ மிக்னஃப் சேகரித்ததைத் தபரி எடுத்தாண்டது. சமகாலத் துணுக்குகள் சில உண்டு: உமர் இறந்த காலத்தைக் குறிக்கும் ஹிஜ்ரி 24-ஆம் ஆண்டு அரேபியப் பாறைக் கல்வெட்டு, தாயிஃபுக்கு அருகே முஆவியாவின் பெயர் பொறித்த ஹிஜ்ரி 58-ஆம் ஆண்டு அணைக் கல்வெட்டு, அரபுகளின் உள்நாட்டுப் போரைக் குறிப்பிடும் ஆர்மீனிய வரலாற்று நூல். பெருநிகழ்ச்சிகள் நடந்தன என்பதற்கு இவை போதும். யார் என்ன நினைத்தார்கள் என்பதற்குப் போதா. நவீன ஆய்வாளர்களும் ஒருமனதாக இல்லை. 1955-இல் மார்ஷல் ஹாட்ஜ்சன், ஷியாக்கள் தனிப்பிரிவானது ஜஅஃபர் ஸாதிக் காலத்தில்தான் என்று வாதிட்டார். 1997-இல் வில்ஃபர்ட் மாடலுங், தொடக்கம் முதலே குடும்ப உரிமை என்ற வாதம் வலுவானது, அலீயின் கோரிக்கை உண்மையானது என்று நிறுவ முயன்றார். அலீயின் தனிப்பட்ட மனக்குறை பற்றி மாடலுங் சொல்வதை ஏற்கத் தடையில்லை. அந்த மனக்குறை ஒரு சமயக் கொள்கையாக இறுகிய காலத்தைப் பொறுத்தவரை ஹாட்ஜ்சனே சரி என்று தோன்றுகிறது.

உமய்யாக்கள் அலீயை ஏசிய மேடை என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடலாம். 717 முதல் 720 வரை ஆண்ட உமய்யாக் கலீஃபா இரண்டாம் உமர் அந்த வழக்கத்தை நிறுத்தினார் என்பது வரலாற்றாசிரியர்களின் கூற்று. ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பின் நால்வர் வரிசை சன்னி உலகின் பொதுவழக்காயிற்று. தமிழ்நாட்டின் மரபுவழிச் சன்னிப் பள்ளிவாசல்கள் பலவற்றில் இன்றும் வெள்ளிக்கிழமை குத்பாவில் அபூபக்கர், உமர், உஸ்மான் பெயர்களை அடுத்து நான்காவதாக அலீயின் பெயரும், தொடர்ந்து ஹசன், ஹுசைன், பாத்திமா பெயர்களும் வாழ்த்தி ஓதப்படுகின்றன.